“புரிந்ததா?” என்று கேட்டால் போதுமா?

“புரிந்ததா?” என்று ஆசிரியர் கேட்டால் வகுப்பே தலையாட்டும். புரியாத பிள்ளை கையை உயர்த்தக் கூச்சப்படும். உண்மை தேர்வுத்தாளில்தான் தெரியவரும். இந்தக் கூச்சத்தைப் போக்க உதவுவது ‘கிளிக்கர்’ என்ற சிறு கருவி. மாணவர் பொத்தானை அழுத்தி விடை சொல்வார். யார் எதை அழுத்தினார் என்பது மற்ற மாணவர்களுக்குத் தெரியாது. மொத்தக் கணக்கு மட்டும் திரையில் வரும்.

ஆனால் கருவியைவிட முறையே முக்கியம். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் தொடங்கிய முறை இது: பாடத்தின் கருத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வி, ஓரிரு நிமிடம் தனியே யோசித்து விடை. சரியாகச் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவென்றால் பாடத்தை மறுபடி விளக்க வேண்டும். 70க்கு மேல் என்றால் சுருக்கமாகச் சொல்லி அடுத்ததற்குப் போகலாம். இடைப்பட்டிருந்தால், அருகிலிருப்பவரிடம் காரணம் சொல்லி விவாதித்து மீண்டும் விடையளிக்க வேண்டும். இப்போதுதான் புரிந்துகொண்ட பிள்ளைக்கு, எந்த இடத்தில் தடுக்கும் என்பது நன்றாகத் தெரியும்.

வருகைப்பதிவுக்கு மட்டும் கருவியை வைத்தால் பயனில்லை. கருவி வாங்க வசதியில்லையா? ஏ, பி, சி, டி எழுதிய அட்டைகளே போதும். மசூரின் வகுப்பிலும் முன்பு அட்டைகள் இருந்தன.

பெற்றோர்களே! “படித்தாயா?” என்பதோடு நிறுத்தாமல், “ஏன் அப்படி? எனக்கும் சொல்லு” என்று கேட்டுப் பாருங்கள்.