கழிமுகத்துக் களி நண்டு

அரியாங்குப்பம் ஆறு கடலைத் தொடும் பகுதியில், தேங்காய்த்திட்டுப் பக்கம், அலையாத்தி மரங்களின் வேரடியில் சேறு மண்டிக் கிடக்கிறது. களி நண்டின் வீடு அதுதான். பகலில் வளைக்குள் பதுங்கிக் கிடக்கும். இருட்டியதும் வெளியே வந்து சிப்பி, நத்தை, செத்த மீன் என்று தேடித் தின்னும்.

நண்டு பிடிப்பவர்கள் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, நுனி வளைந்த கம்பியை வளைக்குள் விட்டு இழுப்பார்கள். மீன் தலையை இரையாகக் கட்டி வட்ட வலை இறக்குவதும் உண்டு. பிடித்த உடனே கொடுக்கைக் கயிற்றால் கட்டிவிட வேண்டும். சிப்பியையே நொறுக்கும் கொடுக்கு அது, விரல் எம்மாத்திரம்!

வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். நண்டு ஓட்டைக் கழற்றித்தான் வளரும். புது ஓடு இறுகும்வரை உள்ளே சதை குறைவு, தண்ணீர்தான் அதிகம். அடிப்பக்க ஓட்டை அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் வேண்டாம். உயிரோடு, கைக்குக் கனமாக இருப்பதையே எடுங்கள். செத்த நண்டு சீக்கிரம் கெட்டுவிடும்.

வயிற்று மடல் குறுகியிருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண். பெண் நண்டு முட்டை பொரிக்கக் கடலுக்குப் போகும். அந்த மடலுக்கடியில் பல லட்சம் முட்டைகளைச் சுமந்து திரியும். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் முட்டைகள், பொரியும் சமயத்தில் கறுத்துவிடும். அப்படி முட்டை சுமந்த நண்டு வலையில் வந்தால், தயவுசெய்து தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.