வெயில் ஏறாத வீடு

காரைக்குடிப் பக்கம் வீடு கட்டித் தரும் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். திண்ணை, மரத்தூண், சிவப்பு ஓடு, நடுவில் முற்றம். “அப்பத்தா வீடு மாதிரியே இருக்கணும் சார், கரண்ட் பில்லும் கம்மியா வரணும்.” வழக்கமான கான்கிரீட் வீட்டைக் கட்டி, முகப்பில் மட்டும் நாலு வரிசை ஓடு ஒட்டினால் முதலாவது கிடைக்கும். பில் குறையாது.

கூரையில் தொடங்குங்கள் என்பேன். கோடையில் சூரியன் உச்சிக்கு நேராக நிற்பதால் சுவரைவிட மேல்தளம்தான் அதிக வெயிலைக் குடிக்கிறது; குடித்ததை ராத்திரி படுக்கையறைக்குள் இறக்குகிறது. இதற்குக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ஃபில்லர் ஸ்லாப் நல்ல வழி. தளத்தின் அடிப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்குள்ள கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில், கம்பிகளுக்கு நடுவே, பழைய சீமை ஓடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்து மேலே கான்கிரீட் போடுகிறோம். ஓடுகளுக்கிடையே அடைபட்ட காற்று சூட்டைத் தடுக்கும், சிமென்டும் மிச்சமாகும். அண்ணாந்தால் ஓடு தெரியும். தயவுசெய்து அதைப் பூசி மறைக்காதீர்கள்.

சுவருக்கு எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்தி, இரண்டு வரிசைக்கு நடுவே 3 அங்குலம் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. சுவர் அதே 9 அங்குலம்தான். செங்கல் கிட்டத்தட்ட கால்வாசி குறையும். “பொந்து விட்டுக் கட்டினா நிக்குமாண்ணே?” என்று கேட்காத கொத்தனாரை நான் பார்த்ததில்லை. நிற்கும். அடிவரிசை, ஜன்னல் மட்டம், லிண்டல் மட்டம் ஆகியவற்றைக் கெட்டியாகக் கட்ட வேண்டும். கைப்பழக்கத்தில் பொந்துக்குள் கலவையைத் தள்ளிவிடுவார்கள் என்பதுதான் தொல்லை. அதனால் கலவை போடும்போது பொந்தின் மேல் 3 அங்குல மரச்சட்டம் ஒன்றை வைத்து மூடச் சொல்வேன். போட்டதும் உருவி அடுத்த இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

மேற்கு வெயிலுக்கு மாடிப்படி, குளியலறை, சாமான் அறை ஆகியவற்றை அந்தப் பக்கம் தள்ளுங்கள். படுக்கையறை வேண்டாம்.

முற்றம் சின்ன மனையிலும் வைக்கலாம். ஆனால் மழைக்குப் பயந்து மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு அடைக்கிறார்கள் பாருங்கள், அப்புறம் அது அடுப்பு. சூடான காற்று மேலே ஏறி வெளியேறத்தானே முற்றம்? திருட்டுப் பயத்துக்குக் கம்பி வலை போதும். மழைத்தண்ணீர் ஓட ஒரு குழாயும் வேண்டும்.

சோலார் தகட்டைச் சாய்ந்த ஓட்டின்மேல் ஏற்ற வேண்டாம். சமையலறைக்கு மேல் மட்டமான தளம் விடுகிறேன், அங்கே வைக்கலாம். 3 கிலோவாட்டுக்கு ஒன்றிய அரசு 2024 திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் அறிவித்திருக்கிறது. 75 வாட் மின்விசிறிக்குப் பதில் 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி விசிறி வாங்குங்கள்.

ஏசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓர் அறைக்குப் போதும். எந்த அறை என்பதைக் கடைக்கால் தோண்டும் முன்பே சொல்லிவிடுங்கள். மற்ற அறைகளில் கூரைக்கடியில் விடும் காற்றுத்துளைகளை அங்கே விடமாட்டேன்.