பச்சைக் கண் பெட்டி

சுவிட்சைப் போட்ட உடனே பேசாத ரேடியோவை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். கல்முனைக்குடியில் எங்கள் வாப்பா வைத்திருந்த பெட்டி அப்படிப்பட்டது. திருகி அரை நிமிடம்வரை மூச்சு விடாது. பின்பக்க அட்டையின் ஓட்டையால் எட்டிப் பார்த்தால், உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் மெல்லச் சிவந்துகொண்டிருக்கும். சூடேறிய தூசு மணக்கும். பிறகு முன்னால் ஒரு பச்சைக் கண் விழிக்கும். பேச்சு அதற்குப் பின்தான்.

அந்தக் குமிழ்கள்தான் வால்வுகள். மின்குமிழின் பிள்ளைகள் என்றே சொல்லலாம். இழை சூடானால் இலத்திரன்கள் கிளம்பும். 1904இல் இங்கிலாந்தின் பிளெமிங், குமிழுக்குள் ஒரு தகட்டை வைத்து அவற்றை ஒரே திசையில் ஓடவிட்டார். 1906இல் அமெரிக்காவின் லீ டி பாரஸ்ட் நடுவில் ஒரு கம்பி வலையைச் செருகினார். வயலுக்குப் போகும் வாய்க்காலின் கதவைச் சற்று அசைத்தால் தண்ணீர் எவ்வளவு கூடிக் குறைகிறது! அந்த வலை செய்ததும் அதே வேலைதான். மெலிந்த அலை பலத்த சத்தமானது.

ஆனாலும் ஒரு சிக்கல். வாப்பா இரண்டு தென்னைகளுக்கிடையே கட்டியிருந்த ஏரியல் கம்பி, கரைவலை மாதிரி எல்லா நிலையங்களையும் சேர்த்தே அள்ளிவரும். வேண்டியதை மட்டும் பிரிக்க, ஆரம்பகாலப் பெட்டிகளில் மூன்று நான்கு திருகுகளைத் தனித்தனியே திருப்ப வேண்டியிருந்தது. 1918இல், உலகப்போருக்காகப் பாரிஸில் இருந்த அமெரிக்கப் படை அதிகாரி எட்வின் ஆம்ஸ்ட்ராங் வேறுவிதமாக யோசித்தார். மீனுக்கு ஏற்ப வலையை ஏன் மாற்ற வேண்டும்? மீன்களையே ஒரே அளவாக்கிவிட்டால்?

பெட்டிக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கி, வந்த அலையோடு கலந்தார். 9,700 கிலோஹேர்ட்ஸ் நிலையம் வேண்டுமா? உள்ளே 10,155. 11,800 வேண்டுமா? உள்ளே 12,255. கழித்துப் பாருங்கள், இரண்டிலும் 455! இனி அந்த ஒன்றை மட்டும் நன்றாகப் பெருக்கினால் போதும். இதுதான் சூப்பர்ஹெட். கெட்டிக்காரத்தனம் என்றால் இது.

எங்கள் பெட்டியில் ஐந்து வால்வுகள்: அலை கலக்க ஒன்று, 455ஐப் பெருக்க ஒன்று, குரலைப் பிரிக்க ஒன்று, ஸ்பீக்கரை முழங்கவைக்க ஒன்று, வீட்டு மின்சாரத்தை நேரோட்டமாக்க ஒன்று. பச்சைக் கண் ஆறாவது. அது வெறும் சாட்சி. நிலையம் சரியாக அகப்பட்டால் அதன் நிழல் ஒடுங்கும்.

கேட்கும் பெட்டியின் கதை இப்படியென்றால், இலங்கையின் முதல் ஒலிபரப்பியின் கதை இன்னும் வேடிக்கை. பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிப் பாகங்களைக்கொண்டு, தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் அதை அமைத்தார். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி பேசியது.

மஃரிப் தொழுதுவிட்டு வந்துதான் வாப்பா முள்ளை 49, 41 மீற்றர் பக்கம் நகர்த்துவார். பகலில் வானத்தின் கீழ் அயனப்படை இந்த அலைகளை விழுங்கிவிடும். பொழுது பட்டால் அந்தப் படை கலைந்துபோகும். அலை மேலே போய்த் தெறித்து, கடல் தாண்டி வந்து இறங்கும். அரபு மொழி ஒரு கணம் தெளிவாகக் கேட்கும், மறுகணம் அலையோடு உள்வாங்கிவிடும்.

இப்படியொரு பெட்டி உங்களுக்குக் கிடைத்தால் பின் அட்டையைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கினாலும், மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் கண்டென்சரில் 200 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். வாப்பாவே ஒருநாள் கைவைத்துவிட்டு, நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தார். உம்மா கேட்டதற்கு, “சும்மாதான்” என்றார்.