மேசைமேல் டீவி: விலைக்கு முன் அடிப்பாகத்தைப் பாருங்கள்

இலங்கை மலையகத்தின் டயகமத் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் பல குடும்பங்கள் வெள்ளைக்காரர் காலத்து லயங்களில்தான் வாழ்கின்றன. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் படுக்கை, துணிமணி, சாமிப்படம், பிள்ளைகளின் புத்தகப்பை எல்லாவற்றுக்கும் நடுவே டீவிக்கும் ஓர் இடம் வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் ஒரு சின்ன மேசையின் மேல்தான் கிடைக்கிறது. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் மாதம் 25 நாள் பேர் விழுந்தாலும் 33,750 ரூபாதான் கிடைத்தது. அதிலும் சேமலாப நிதிக்குப் பிடித்தது போக மிச்சம்தான் கைக்கு வந்தது. அப்படிச் சேர்த்த காசில் டீவி வாங்குகிறவர்கள் அங்குலத்தையும் விலையையும் கடை கடையாக விசாரிக்கிறார்கள். அதைத் தாங்கப்போகும் ஸ்டேண்டைப் பற்றிக் கேட்பது குறைவு. ஸ்டேண்ட் அலங்காரப் பொருள் அல்ல, பாதுகாப்புப் பொருள். அதை அப்படித்தான் தெரிவுசெய்ய வேண்டும். விற்பவரும் அப்படித்தான் விற்க வேண்டும்.

இப்போதைய 32 அங்குல டீவி நாலைந்து கிலோதான், விழுந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுப் பதிவுகளை 1990 முதல் 2011 வரை ஆராய்ந்து, ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழ் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. டீவியால் காயப்பட்டு ஆண்டுக்குச் சராசரியாக 17,000க்கும் மேற்பட்ட சிறுவர்கள் அங்கே சிகிச்சைக்கு வந்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள். அதிகம் அடிபட்டது தலையிலும் கழுத்திலும். தட்டை டீவிகள் பரவிய அதே காலத்தில் டீவி விழுந்து காயப்படும் வீதம் குறையவில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்கானது. மெல்லிய டீவி பாரம் குறைந்ததுதான். ஆனால் ஒரு குழந்தை மேசை விரிப்பைப் பிடித்து இழுத்தாலோ, டிஷ் வயரில் கால் தடுக்கினாலோ சரிந்துவிடும் அளவுக்கு அதன் நிலையும் இலேசானது. நடக்கப் பழகும் பிள்ளையின் தலைக்கு மேசை உயரத்திலிருந்து விழும் ஐந்து கிலோ போதும். பழைய பெரிய பெட்டி டீவி வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட, அதன் பாரத்தில் பெரும்பகுதி முன்பக்கக் கண்ணாடியில் இருப்பதால்.

சுவரில் பிரேக்கட் அடித்து மாட்டிவிட்டால் பிரச்சினையே இல்லை என்பது அடுத்த வாதம். உறுதியான சுவருள்ள வீட்டில் அதுவே சிறந்த வழி என்பதை நானும் ஏற்கிறேன். லயத்துச் சுவரின் கதை வேறு. கல்லும் மண்சாந்துமாக எழுப்பி, மேலே சுண்ணாம்பு பூசிய பழைய சுவரில் துளைபோட்டால் ஸ்குரூ பிடிக்க வேண்டிய இடத்தில் மண்தான் உதிர்கிறது. மழைக்காலத்தில் ஈரம் ஊறினால் பிடித்திருந்ததும் தளரும். போதாததற்கு, காம்பரா வாழ்கிறவர் பேரில் இல்லை. அதில் மாற்றம் செய்யத் தோட்ட நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். சொந்த வீடும் காணியும் கிடைக்கும்வரை, மேசை ஸ்டேண்டைச் சரியாகத் தெரிவுசெய்வதுதான் இந்த மக்கள் கையில் இருக்கும் வழி.

டீவியோடு கம்பனி தரும் இரட்டைக் கால்களே முதல் தெரிவு. அந்த டீவியின் பாரத்துக்கென்றே செய்தவை அவை. மேலதிகக் காசும் வேண்டாம். ஆனால் கால்கள் இரு ஓரங்களில் இருப்பதால் மேசை அகலமாக இருக்க வேண்டும். 32 அங்குலத் திரையின் அகலம் மட்டும் சுமார் 71 சென்ரிமீற்றர். கால் மேசை விளிம்பில் தொங்கினால் அதைவிட ஆபத்து வேறில்லை. மேசை ஒடுக்கமென்றால் மாத்திரமே நடுத்தண்டு ஸ்டேண்டை நாடலாம். அங்கே மூன்று விஷயங்களை விடாமல் பார்க்க வேண்டும்: டீவியின் பின்புறத் துளைகளுக்கு இடையிலான தூரம் ஸ்டேண்டோடு பொருந்துகிறதா, எத்தனை கிலோ தாங்குமென்று எழுதியிருக்கிறதா, அடித்தட்டு முன்பின்னாக எவ்வளவு ஆழம். துளைத் தூரத்தைக் கடைக்காரர்கள் ‘வெசா அளவு’ என்பார்கள். 100க்கு 100, 200க்கு 100, 200க்கு 200 மில்லிமீற்றர் எனப் பல வகை உண்டு. உயரம் கூட்டக்கூடியதும் நாலாபக்கம் திரும்பக்கூடியதும் பார்க்க நன்றாயிருக்கும். உயர உயர டீவி எளிதில் கவிழும், திரும்பும் தண்டைப் பிள்ளைகள் திருப்பாமல் இருக்கமாட்டார்கள். சிறுவர் உள்ள காம்பராவுக்கு நான் அவற்றைச் சொல்லமாட்டேன். சர்வதேச மின்பொருள் பாதுகாப்புத் தரங்களில் 10 பாகை சாய்த்துப் பார்க்கும் சோதனை உண்டு. கடையிலேயே டீவியைப் பூட்டச் சொல்லி, 25 சென்ரிமீற்றர் ஆழமான அடித்தட்டின் பின்விளிம்பை நாலரை சென்ரிமீற்றர் உயர்த்திப் பார்த்தால் ஏறத்தாழ அதே சோதனைதான். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள நிற்கட்டும். முன்னோக்கிச் சரிந்தால் அந்த ஸ்டேண்ட் வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு டீவியின் பின்துளைகளில் நாடா கோத்து மேசைச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டுங்கள், மேசை விரிப்பை எடுத்துவிடுங்கள்.

இனி உரிமை. தாங்கும் பாரத்தைப் பொய்யாகச் சொல்லி விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடைசெய்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் வியாபாரியின் கடமை. உத்தரவாதத்துக்கு மாறான பொருளென்று விசாரணையில் தெரிந்தால், மாற்றிக் கொடுக்கவோ பணத்தைத் திருப்பவோ நட்டஈடு வழங்கவோ அதிகார சபை கட்டளையிடலாம். டவுனுக்குப் போய் முறையிட்டால் ஒரு நாள் பேர் போய்விடுமே என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே பேசலாம்; முறைப்பாட்டைத் தமிழில் எழுதித் தபாலில் அனுப்பலாம். பற்றுச்சீட்டின் பிரதியையும், தாங்கும் பாரம் அச்சிட்ட பெட்டியின் படத்தையும் அதோடு இணையுங்கள். மாதத் தவணைக்கு வாங்கியிருந்தால் ஒப்பந்தத்தின் பிரதியும் வேண்டும். தொலைபேசியில் சொன்னதோடு நிறுத்திவிடாதீர்கள்: இந்த முறைப்பாடு பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும்.