உஷார்! பால் பாட்டிலில் நீங்கள் ஒட்டும் ஸ்டிக்கர்

சின்னப் பண்ணை வைத்து, கறந்த பாலை நேரடியாக வீடுகளுக்குக் கொடுப்பவரா நீங்கள்? இன்று மாலைக் கறவைக்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன மாதம் உறவுக்காரத் தம்பி ஒருவன் தன் பண்ணைப் பாலைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்து காட்டினான். எட்டு மாடு, நாற்பது வீடு, ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில். பாட்டிலில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர்: ‘ஏ2 நாட்டு மாட்டுப் பால். சர்க்கரை நோய்க்கு மருந்து. காய்ச்சாமல் அப்படியே குடிக்கலாம்.’ படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கறந்த தேதி இல்லை, முகவரி இல்லை, பதிவு எண் இல்லை. இருந்த மூன்று வரிகளும் அவனை மாட்டிவிடக் கூடியவை.

முதலில் பதிவு. “நான் பால் சங்கத்து மெம்பர், எனக்கு எதற்கு?” என்றான். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த உரிம விதிகள் சங்க உறுப்பினருக்கு விலக்கு தருவது உண்மை. ஆனால் கறக்கும் பால் முழுவதையும் சங்கத்துக்கே ஊற்றுபவருக்குத்தான் அந்த விலக்கு. காலைப் பாலைச் சங்கத்துக்கும் மாலைப் பாலை பாட்டிலுக்கும் பிரித்தால், நீங்கள் உணவுத் தொழில் செய்பவர். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு வேண்டும். அளவு பெருகினால் பதிவு போதாது, உரிமம் எடுக்க வேண்டும். வரம்புகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கிற அன்று ஆணையத்தின் ‘ஃபாஸ்காஸ்’ இணையதளத்திலோ மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துப் பண்ணைக்காரரின் 14 இலக்க எண்ணைக் கடன் வாங்கி அச்சடிக்கிற வேலை மட்டும் வேண்டாம். பதிவு இடத்துக்கு இடம் தனி.

அடுத்தது பெயர். நம் மாடு வற்றுகிற நாளில் பக்கத்துத் தோட்டத்து எருமைப் பாலை வாங்கிச் சேர்ப்பது பழக்கமாகிவிட்டது. பாட்டிலில் மட்டும் ‘பசும்பால்’ என்றே இருக்கும். சட்டத்தின் பார்வையில் பசும்பாலுக்குத் தனித் தரம் உண்டு: கொழுப்பு 3.2 சதவீதம், கொழுப்பல்லாத திடப்பொருள் 8.3 சதவீதம், இரண்டும் குறையக் கூடாது. எருமைப் பால் சேர்ந்தால் அது கலப்புப் பால். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருந்தால் 52-ஆம் பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். எட்டு மாட்டுப் பண்ணை அதைத் தாங்குமா?

ஏ2 என்பது பாலில் உள்ள ஒருவகைப் புரதத்தின் பெயர். அந்தச் சொல்லை லேபிளிலிருந்து நீக்கச் சொல்லி 2024 ஆகஸ்ட் 21-ல் எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவு வந்தது. 26-ஆம் தேதியே திரும்பப் பெற்றார்கள். அதை நிரந்தர அனுமதி என்று நினைத்து ஐயாயிரம் ஸ்டிக்கர் அடித்து வைக்காதீர்கள். சர்க்கரை நோய் பேச்சோ இதைவிட ஆபத்து. தவறான விளம்பரத்துக்கு 53-ஆம் பிரிவில் 10 லட்சம் வரை போகலாம்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது மூன்றாவது வரி. காய்ச்சாமல் குடிக்கலாமாம்! கன்று வீசும் மாட்டில் புருசெல்லா கிருமி இருக்கலாம். மாடு பார்வைக்கு நன்றாகவே இருக்கும், பால் வழியே மனிதருக்கு வந்து மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல் அடிக்கும். லிஸ்டீரியா கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் பெருகும். கர்ப்பிணிக்கு அது கருவையே பறிக்கலாம். 63 டிகிரியில் அரை மணி நேரமோ 72 டிகிரியில் 15 விநாடியோ சூடாக்குவது இவற்றைக் கொல்லத்தான். நம் பாட்டிமார் பாலைப் பொங்கவிட்டு இறக்கியதை அறியாமை என்று ரீல்ஸில் பேசுகிறவர்களை நம்பி, ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பச்சைப் பாலைப் புகட்டாதீர்கள்.

காய்ச்சினாலும் போகாதவையும் உண்டு. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நச்சு இறங்கும். நாடு முழுக்க 2018-ல் நடந்த பால் ஆய்வில் அது அதிகம் தென்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் இருந்தது. நனைந்த புண்ணாக்கு மூட்டையை ‘வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும்’ என்று வைத்திருந்தால் இன்றே தூக்கி எறியுங்கள். மடிநோய்க்கு ஆன்டிபயாட்டிக் ட்யூப் ஏற்றிய மாட்டின் பாலும் அப்படித்தான். மருத்துவர் சொன்ன நாள் கணக்கு முடியும்வரை அந்தப் பாலைத் தனியாகக் கறந்து கொட்டிவிடுங்கள். கறந்த பாலைக் கொட்டும்போது மனசு பதறும், தெரியும். கொட்டித்தான் ஆக வேண்டும்.

நம் பாலால் ஓர் உயிர் போனால், குறைந்தது 5 லட்சம் இழப்பீடு என்கிறது 65-ஆம் பிரிவு. பணத்தைக் கொடுத்துவிடலாம். அந்த வீட்டு வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

தம்பி அன்றைக்கே ஸ்டிக்கர் சுருளைக் கிழித்துப் போட்டான். பதிவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். எண் வரும்வரை பால் முழுவதும் சங்கத்துக்கு. புது ஸ்டிக்கருக்கு அவன் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்: பால் வகை, அளவு, கறந்த தேதி, காலையா மாலையா, எதுவரை பயன்படுத்தலாம், பண்ணை முகவரி, பதிவு எண், பச்சை வட்டக் குறி. எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில், ‘பச்சைப் பால். காய்ச்சிக் குடிக்கவும்.’