பொதுவேலை – 9: தேங்காயும் தோரியமும்

தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கில் வெள்ளி ரதம் கோவில் வீட்டை விட்டுப் புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போகிற வழியைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெரு நெடுகத் தேங்காய். கடைக்காரர், கம்பெனிக்காரர், சீன முதலாளி என்று ஆளுக்கொரு குவியல். ரதம் நெருங்க நெருங்க அத்தனையும் சாலையில் உடையும். தேங்காய்த் தண்ணீர் கால்வாயில் ஓடும். உடைந்ததை வாரித் தள்ள ஆட்களும் மண்வாரியும் வருவார்கள். இந்தத் தேங்காயைக் குறையுங்கள் என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல வருடம் அறிக்கை விட்டது. வேண்டுதலை விடச் சொல்லவில்லை. எண்ணிக்கையைத்தான் குறைக்கச் சொன்னது. சங்கத்தின் கல்வி அதிகாரி என்.வி. சுப்பாராவ் அதைத் தமிழ் மக்களிடம் சலிக்காமல் சொல்லி வந்தார்.

தேங்காய் குறைந்ததா என்று கேட்டால், என் கண்ணுக்கு அப்படியொன்றும் தெரியவில்லை. இருந்தாலும், பொதுநலக் கொள்கை பேசுகிற ஒரு சங்கத்தின் செயலவைக்கு என்ன தைரியம் வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த அறிக்கையைத்தான்.

சம்பளமில்லாமல் இப்படிப்பட்ட செயலவையில் உட்காருவதைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். நம் ஊரில் செயலவைக்குப் பஞ்சமே இல்லை. கோவிலுக்கு ஒன்று, தமிழ்ப்பள்ளிக்கு ஒன்று, மணிமன்றத்துக்கு ஒன்று, ஊர்ச் சங்கத்துக்கு ஒன்று. ஒரே ஆள் நான்கில் இருப்பார். ஆனால் புத்தகப்பை கொடுக்கும் சங்கத்தில் இருப்பதும், சட்டத்தை மாற்று என்று அரசிடம் கேட்கும் சங்கத்தில் இருப்பதும் ஒன்றல்ல. முன்னதில் வருடக் கடைசியில் காட்டப் படம் இருக்கும்: வரிசையில் பிள்ளைகள், நடுவில் பெரிய அட்டைக் காசோலை, இரண்டு பக்கமும் நாம். பின்னதில் ஒரு மகஜர், நான்கு கடிதம், 'தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று ஒரு பதில். அதைச் சட்டம் போட்டு மாட்டவா முடியும்?

பினாங்கில் அந்தப் பின்னதை வாழ்நாள் வேலையாகவே எடுத்துச் செய்தவர் எஸ்.எம். முகமது இத்ரீஸ். 1926இல் தமிழ்நாட்டில் பிறந்து, சிறுவயதில் இங்கே வந்து, வணிகம் செய்தவர். 1970 வாக்கில் பயனீட்டாளர் சங்கத்தின் தலைவரானார். 2019 மே மாதம் தமது 92ஆவது வயதில் இறக்கும்வரை அந்த நாற்காலியில் அவர்தான். 1977இல் சஹாபாட் அலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் இயக்கம், 1984இல் உலக நாடுகளை இணைத்த மூன்றாம் உலகக் கட்டமைப்பு என்று, ஒரு சங்கத்தில் தொடங்கியது கிளைவிட்டுப் போனது. இவர் பொருளாதாரம் படித்தவரல்ல, வழக்கறிஞருமல்ல. கேம்பிரிட்ஜில் படித்து வந்த மார்ட்டின் கோர் போன்ற இளைஞர்களை ஆய்வுக்கு உட்கார வைத்து, அவர்கள் எழுதியதன் கீழே தம் பெயரைப் போட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். என்னைக் கேட்டால் ஒரு தன்னார்வத் தலைவரின் வேலையே அதுதான். எழுதுகிறவனுக்கு மாதச் சம்பளம் வேண்டும். அதை உண்டாக்கிக் கொடுத்து, எழுதியது யாருக்காவது சுடும்போது நடுவில் போய் நிற்க ஆள் வேண்டும். நிற்கிறவருக்குச் சம்பளம் இல்லாமல் இருப்பது நல்லது. அவரை வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்று யாரும் மிரட்ட முடியாது.

சுட்டதற்கு ஓர் உதாரணம் புக்கிட் மேரா. ஈப்போவுக்குப் பக்கத்துப் புதுக்கிராமம் அது. 1982 முதல் அங்கே ஏசியன் ரேர் எர்த் என்ற தொழிற்சாலை, மோனசைட் தாதுவிலிருந்து அரிய மண்தனிமங்களைப் பிரித்தெடுத்தது. மிஞ்சியது தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு. 1985இல் கிராமத்தார் எட்டுப் பேர் ஊர் முழுவதன் சார்பில் வழக்குப் போட்டார்கள். பயனீட்டாளர் சங்கத்தின் சட்டப் பிரிவு அவர்களுக்குத் துணை நின்றது. 1987 அக்டோபர் 27 அன்று தொடங்கிய லாலாங் நடவடிக்கையில், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பிடித்து வைக்கப்பட்டார்கள். சங்கத்தின் சட்ட ஆலோசகர் மீனாட்சி ராமனும் அவர்களில் ஒருவர். பினாங்கிலேயே பிறந்த இன்னொரு இயக்கமான அலிரானின் தலைவர் சந்திரா முசாஃபரும் உள்ளே போனார். 1992 ஜூலையில் உயர்நீதிமன்றம் கிராமத்தார் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்த மாதமே தொழிற்சாலை மூடப்படும் என்று கம்பெனி அறிவித்தது. வழக்கில் தோல்வி, காரியத்தில் வெற்றி!

இதைச் செயலவை மேசையிலிருந்து பாருங்கள். எட்டு வருட வழக்கு. ஒவ்வோர் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் யாராவது எழுந்து, 'இதில் என்ன கண்டோம்?' என்று கேட்கத்தான் செய்வார். வரவு செலவில் காட்ட ஒன்றும் இருக்காது. ஆள் உள்ளே போன பிறகு, 'நமக்கு ஏன் இந்த வம்பு, குழந்தை குட்டி உள்ளவங்க நாம' என்ற குரல் மேசையைச் சுற்றி எழாமல் இருக்குமா? எந்தச் செயலவையிலும் எழும். அது கோழைத்தனமில்லை, நியாயமான பயம். அந்தப் பயத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டு, அடுத்த அம்சத்துக்குப் போகத் தெரிந்த செயலவைதான் நிலைக்கும்.

தோரியத்தைவிடத் தேங்காய்தான் கஷ்டம் என்பது என் கட்சி. புக்கிட் மேராவில் எதிராளி ஒரு கம்பெனி. செயலவையில் யாருடைய மைத்துனரும் அங்கே பங்குதாரர் இல்லை. தேங்காய்க் குவியலில் நம் மாமா இருப்பார், கடை முதலாளி இருப்பார், சங்கத்துக்கு வருடாவருடம் நன்கொடை தருகிற புண்ணியவானும் இருப்பார். அவர் முகத்துக்கு நேரே, 'அண்ணே, இது வீண்' என்று சொல்லத் துணிவதுதான் கொள்கை பேசுவது. அரசாங்கத்தைத் திட்டி மட்டும் தீர்மானம் போடுகிற சங்கங்களை நான் பெரிதாக மதிப்பதில்லை. அதற்குக் கைதட்டல் கிடைத்துவிடுகிறது.

பினாங்கில் இப்படிப்பட்ட சங்கங்கள் ஏன் இத்தனை என்பதற்கு ஒரு காரணம் சொல்லலாம். ஜோர்ஜ்டவுனில் 1857லேயே நகராண்மைத் தேர்தல் நடந்தது. இடையில் நின்று, 1951இல் மீண்டும் வந்தது. 1957 ஜனவரி முதல் தேதி மாநகரமானபோது, அதன் முதல் மேயராக உட்கார்ந்தவர் தொழிற்கட்சியின் டி.எஸ். ராமநாதன், ஒரு தமிழர். பிறகு இந்தோனேசியாவோடு வந்த மோதல் காலத்தில், 1965இல், ஊராட்சித் தேர்தல்களை நாடு முழுவதும் நிறுத்தி வைத்தார்கள். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதற்கு முழுதாகவே பூட்டுப் போட்டது. தேர்தலை மீண்டும் கொண்டுவரப் பினாங்கு மாநில அரசு எடுத்த முயற்சியையும் 2014இல் கூட்டரசு நீதிமன்றம் ஏற்கவில்லை. குப்பைக்கும் கால்வாய்க்கும் கட்டட அனுமதிக்கும் பொறுப்பானவர்களை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க முடியாத ஊரில், கேள்வி கேட்க நினைப்பவன் எங்கே போவான்? சங்கத்துக்குத்தான் போவான். 2008க்குப் பிறகு மாநில அரசு, அரசு சார்பற்ற இயக்கங்களின் பிரதிநிதிகள் சிலரை நகராண்மைக் கழகத்தில் உறுப்பினர்களாக நியமித்தது. கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்தது போலத்தான். ஜன்னல் வழியாகவும் சிலர் நன்றாகவே பேசினார்கள்.

சட்டங்கள் மெதுவாகத்தான் வரும். இன்று பழுதான சாமானை விற்றுவிட்டு மாற்றித் தர மறுக்கிற கடைக்காரர்மேல் 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரை இழப்பீடு கேட்கலாம். இதற்கு வழிசெய்தது 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். பினாங்கில் சங்கம் தொடங்கிக் கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து!

இனி நடைமுறை. 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய ஏழு பேர் போதும். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கையும் பொறுப்பாளர் பட்டியலையும் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. நான் இருந்த சிறிய சங்கமொன்றில் பொருளாளர் மாறினார். காசோலையில் புதியவர் கையெழுத்துப் போட, பதிவிலாகா உறுதி செய்த பட்டியல் வேண்டும் என்றது வங்கி. பட்டியல் வரவில்லை. பழைய பொருளாளர் வேலை மாற்றலாகி ஜொகூருக்குப் போய்விட்டார். வாடகைக் காசோலையை விரைவு அஞ்சலில் அங்கே அனுப்பிக் கையெழுத்து வாங்கினோம். வீட்டுக்காரர் அதற்குள் இரண்டு முறை வந்து போய்விட்டார். குறைந்தபட்சச் சம்பளத்தைப் பற்றி மகஜர் எழுத வேண்டிய நேரத்தில் செயலாளர் வங்கி வரிசையில் உட்கார்ந்திருந்தார். தன்னார்வத் தொண்டு என்றால் இதுவும் அதில் அடக்கம். இதில் எரிச்சல்படுகிறவர்கள் வராமல் இருப்பதே நல்லது.

அந்தச் சங்கத்தில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது வேறொன்று. தொழிலாளர் நலன் எங்கள் முக்கிய வேலை. மேசையைச் சுற்றி இருந்தவர்களோ ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், ஒரு கணக்காளர், சொந்தக் கடை வைத்திருந்த இருவர், நான். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை செய்கிற ஒரு பெண்கூட இல்லை. இருக்க முடியாது. கூட்டம் மாலை ஏழரைக்கு, தீவில். அந்தப் பெண்ணோ செபராங் பிறையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் பாலம் தாண்டி வந்து, பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டுத் திரும்புகிறவள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலை பிறைக்கு மாற்றிப் பார்த்தோம். ஞாயிறு என்றால் கல்யாணம், கோவில் விசேஷம், துவைக்கக் கிடக்கும் ஒரு வாரத் துணி. ஒருவர் வந்தார், சாந்தமாக உட்கார்ந்து கேட்டார். கடைசியில், 'சார், நீங்க சம்பளத்தைப் பத்திப் பேசறீங்க. எங்களுக்குப் பிள்ளையைப் பார்த்துக்க ஆள் இல்லைங்கறதுதான் முதல் பிரச்சினை' என்றார். அடுத்த இரண்டு கூட்டத்துக்கு அதைத்தான் பேசினோம். அதற்கப்புறம் அவருக்கு ஷிஃப்ட் மாறியது. அந்த நாற்காலிக்கு மீண்டும் ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியர் வந்தார். நல்ல மனிதர்தான்.

யாருக்கு மாலை நேரம் ஓய்வாக இருக்கிறதோ அவர்களுடைய கவலையே ஊரின் கவலையாக எழுதப்படுகிறது. இதற்கு இன்னும் நல்ல மாற்று எனக்குக் கிடைக்கவில்லை. பயணப்படி கொடுக்கலாம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கூட்ட அறைக்குப் பக்கத்தில் ஆள் வைக்கலாம், கைப்பேசி வழியே கூட்டம் நடத்தலாம். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்க்கும் சங்கங்கள் இருக்கின்றன. கணக்கில் 'பிள்ளைப் பராமரிப்பு' என்று ஒரு வரி கண்டதும் புருவத்தை உயர்த்துகிற உட்கணக்காய்வாளர்களும் இருக்கிறார்கள்.

கிட்டத்தட்ட ஐம்பது வருடம் ஒருவரே தலைவராக இருந்தது பற்றியும் சொல்லிவிட வேண்டும். இத்ரீஸ் இருந்ததால் சங்கம் வளைந்து கொடுக்கவில்லை என்பது உண்மை. அப்படி இருக்கிற சங்கங்களில் பெரும்பாலானவை தலைவரோடு சேர்ந்து படுத்துவிடும் என்பதும் உண்மை. பயனீட்டாளர் சங்கம் படுக்கவில்லை. மொஹிதீன் அப்துல் காதர் தலைமைப் பொறுப்புக்கு வந்தார், வேலை நடந்தது. காரணம் சம்பளத்துக்கு இருந்த ஆய்வாளர்களும் அலுவலர்களும். புக்கிட் மேரா காலத்தில் தடுத்து வைக்கப்பட்ட மீனாட்சி ராமன், சஹாபாட் அலாமின் தலைவராக, தெற்குப் பினாங்கு கடலைத் தூர்த்து மூன்று தீவு போடும் திட்டத்துக்கு எதிராக மீனவர்களுக்காக வாதாடினார். 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் மீனவர்கள் பக்கம் நின்றது. 2023இல் மூன்று தீவு ஒரு தீவாகச் சுருங்கி, தூர்க்கும் வேலை தொடங்கிவிட்டது. இதை வெற்றிக் கணக்கில் எழுதுவதா தோல்விக் கணக்கில் எழுதுவதா என்று எந்தச் செயலாளரும் ஆண்டறிக்கை எழுதும்போது தலையைச் சொறிவார்.

உங்களையும் யாராவது இந்த வருடம் செயலவைக்குக் கூப்பிடக்கூடும். ஆண்டுக் கூட்டத்துக்கு முந்தின வாரம், தே தாரிக் குடிக்கும் இடத்தில், 'பேரை மட்டும் குடுங்க சார், மத்ததை நாங்க பாத்துக்கறோம்' என்று வருவார்கள். போன வருடக் கணக்கையும் கடைசி மூன்று கூட்டக் குறிப்பையும் கேளுங்கள். அன்று மாலையே அனுப்பி வைத்தால் பேரைக் கொடுக்கலாம். குறிப்பில் யாராவது எதையாவது மறுத்துப் பேசியது பதிவாகி இருந்தால் யோசிக்காமலே கொடுக்கலாம். 'அதெல்லாம் அப்புறம் பாக்கலாம்' என்றால் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள். காசையும் நீங்களே கொடுத்துவிடுங்கள்.

அடுத்த வாரம்: அரசு மானியம் வாங்கிய சங்கம் அரசைக் கேள்வி கேட்க முடியுமா?

(தொடரும்)