அழுகையும் உணவும்: பருத்த குழந்தைகளின் உளவியல்

கொழுகொழுவென்று இருக்கும் கைக்குழந்தையை எல்லோரும் வாங்கிக் கொஞ்சுகிறோம். அதே குழந்தை பத்து வயதில் அப்படியே இருந்தால் கேலி செய்கிறோம். அவன் அளவுக்கு மீறி உண்பதன் காரணத்தை ஆராய்பவர் மிகக் குறைவு. அதை ஊன்றி ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஹில்டா புரூக் என்னும் பெண் மருத்துவர். 1904இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்த இவர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் தாய்நாட்டை விட்டு வெளியேறி, இங்கிலாந்து வழியாக அமெரிக்கா சென்றார்.

நியூயார்க் மருத்துவமனைக்கு வந்த பருத்த குழந்தைகளை 1930களின் இறுதியில் அவர் ஆராயத் தொடங்கினார். சுரப்பிக் கோளாறே இதற்குக் காரணம் என்பது அந்நாளைய மருத்துவர்களின் முடிவு. ஆனால் சுரப்பிக் குறையுள்ள பிள்ளைகள் பொதுவாகக் குள்ளமாக இருப்பர்; இவர்களோ தம் வயதினரைவிட உயரமாக இருந்தனர். ஆகவே புரூக் குடும்பச் சூழலின் பக்கம் பார்வையைத் திருப்பினார். அங்கே அவர் கண்ட தாய்மார் பலர் இளமையில் வறுமையை அனுபவித்தவர்கள். தமக்குக் கிடைக்காத நிம்மதியைப் பிள்ளைக்கு உணவாகவே ஊட்டினர்.

இதிலிருந்து அவர் வகுத்த கருத்து சிந்திக்கத்தக்கது. பசியை உணர்வதையும் குழந்தை கற்றுக்கொள்ளவே வேண்டும் என்றார் அவர். குழந்தை குளிரால் அழும், ஈரத்தால் அழும், அச்சத்தால், தனிமையால் அழும். ஒவ்வோர் அழுகைக்கும் ஏற்ற பரிகாரம் கிடைத்தால், எது பசி, எது வேறு என்று அது மெல்லப் பிரித்தறியும். எல்லா அழுகைக்கும் பால் ஒன்றே விடையானால் அப்பிரிவினை மனத்தில் பதிவதில்லை. பின்னாளில் தேர்வு பயம் வந்தாலும், நண்பன் பிரிந்தாலும் கை பலகாரத்தைத் தேடுகிறது. வாயை மூட மிட்டாய் கொடுக்கும் பழக்கம் நமக்கும் புதிதன்று!

அதற்காகத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது முறையன்று. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்து பெரியவர்களான 540 பேரை ஆராய்ந்து ஆல்பர்ட் ஸ்டங்கார்டு குழுவினர் 1986இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுடைய பருமன் பெற்றவர்களை ஒத்திருந்தது, வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை. பரம்பரையின் பங்கு பெரிது என்பது இதனால் தெளிவு. புரூக் தாய்மாரின் மீது சற்றுக் கூடுதலாகவே சுமத்திவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, தின்பண்டத்தைப் பூட்டி வைத்துவிட்டால் போதாதா? ஃபிஷர், பர்ச் என்ற இரு ஆய்வாளர்கள் மழலையர் பள்ளியில் இதைச் சோதித்தனர். ஒரு தின்பண்டத்தைக் கண்ணெதிரே வைத்து, சிறிது நேரம் மட்டுமே எடுக்கலாம் என்று விதித்தனர். பிள்ளைகளின் எண்ணமெல்லாம் அதிலேயே நின்றது. கட்டுப்பாடு ஆசையை வளர்த்தது என்பது 1999இல் வெளியான அவர்களது முடிவு.

கேலியின் பங்கும் சிறிதன்று. கேலிக்கு அஞ்சிய பிள்ளை விளையாட்டுத் திடலை விட்டு ஒதுங்குகிறது. ஒதுங்கிய தனிமையில் மேலும் உண்கிறது. 1961இல் அமெரிக்காவில் 10, 11 வயதுச் சிறுவர் சிறுமியரிடம் ஆறு படங்களைக் காட்டி, யாரைப் பிடிக்கிறது என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். ஊன்றுகோலுடன் ஒரு பிள்ளை, சக்கர நாற்காலியில் ஒன்று, கையிழந்த ஒன்று, முகத்தில் வடுவுள்ள ஒன்று, எக்குறையுமற்ற ஒன்று, பருத்த பிள்ளை ஒன்று. பருத்த பிள்ளைக்குக் கிடைத்தது கடைசி இடம். 2003இல் வெளியான ஆய்வு ஒன்றில் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோதும் அவ்விடம் மாறவில்லை. வெறுப்பு மட்டும் முன்னிலும் கூடியிருந்தது.